கல்லாப்பெட்டி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய பாத்திரக்கடைக்காரரின் பதில்கள்

ஆறு வருடமாக வீட்டிலேயே முறுக்கு, தட்டை, சீடை போட்டு விற்கிறேன். போன மாதம் எங்கள் தெருவிலேயே இன்னொருவர் ஆரம்பித்துவிட்டார். நான் கிலோ 240-க்குக் கொடுக்கும் முறுக்கை அவர் 215-க்குக் கொடுக்கிறார். நானும் இறங்கிவிடட்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ், ஆள் கூலி எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 190 ஆகிறது என்று கணக்கும் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே அம்மா, அதற்கு முதலில் ஒரு சபாஷ். பாதிப் பேர் இதைப் போடுவதே இல்லை.

இன்று கிலோவுக்கு 50 ரூபாய் நிற்கிறது. 215-க்கு இறங்கினால் 25. விலையில் பத்தில் ஒரு பங்குதான் குறைத்தீர்கள், லாபத்தில் சரிபாதி போய்விட்டது. வாரம் 40 கிலோ போடுகிறவர் அதே காசுக்கு 80 கிலோ பிழிய வேண்டும். கை தாங்குமா? அடுப்பு இருக்கிறதா?

கும்பகோணத்தில் நான் கடை வைத்திருந்தபோது ஒரு தீபாவளிக்கு எதிர்க்கடைக்காரர் குக்கர் விலையைக் குறைத்து சிலேட்டில் எழுதி வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவரைவிடப் பத்து ரூபாய் குறைத்து நானும் ஒரு சிலேட்டு வைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் நாலு முறை அழித்து எழுதினோம். ஜனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துச் சிரித்தார்கள். என் ஆயுசில் அத்தனை குக்கர் விற்றதில்லை. கார்த்திகையில் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட வீட்டுக்காரியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. டீக்கடையில் ஒருநாள் எதிர்க்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார், அவர் வீட்டில் போனது சங்கிலியாம்.

விலையைத் தொடாதீர்கள், பொட்டலத்தைச் சின்னதாக்குங்கள். கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983-ல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கியது தெரிந்திருக்கும். பாட்டில் வாங்க முடியாதவர்களிடம் சாஷேயைக் கொண்டுபோனார். அதோடு ஒரு வேலை செய்தார் பாருங்கள்: எந்தக் கம்பெனி சாஷேயாக இருந்தாலும் சரி, காலிக் கவர் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம். ஜனங்கள் பழகியதும், சிக் கவர் கொண்டுவந்தால்தான் இலவசம் என்று மாற்றிவிட்டார். அந்த இரண்டாவது அடியைத்தான் நான் ரசிப்பேன்.

உங்களுக்குப் பத்து ரூபாய் பாக்கெட் சரிப்படும். ஆனால் எடையில் கவனம். பெட்டிக்கடைக்கு 8.50-க்குப் போடுகிறீர்கள், கவர் 60 பைசா என்று வைத்துக்கொள்வோம். 40 கிராம் போட்டால் கிலோவுக்கு 25 பாக்கெட். கவர் காசு போக கையில் 197, நிற்பது ஏழே ரூபாய். 30 கிராம் போட்டால் 33 பாக்கெட். கவர் போக 260, நிற்பது 70. அந்தப் பத்து கிராமில்தான் தொழிலே இருக்கிறது. பாக்கெட் போடும் கூலியை அந்த 70-க்குள் பார்த்துக்கொள்ளுங்கள். எடை, விலை, தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாவற்றையும் கவரில் அச்சடித்துவிடுங்கள். கிலோ கணக்கில் வாங்குகிற பழைய வாடிக்கையாளருக்கு 240-தான். வேண்டுமானால் ஒரு கைப்பிடி சீடை கொசுறு போடுங்கள்.

கடைப் பெயரில் ஓர் எழுத்து கூட்டினால் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஈரோடு

போர்டு எழுதுபவருக்குப் பெருகும்.

சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஜாப் ஒர்க் கொடுக்கும் பெரிய கம்பெனி நாலு மாதமாகப் பணம் தரவில்லை. அழுத்திக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம்.
– வாசகர், கோவை

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா தம்பி? இல்லாவிட்டால் நாளைக்கே போடுங்கள், இலவசம்தான். பதிவுள்ள சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டமே சொல்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி.

இதையெல்லாம் சொல்லி சண்டைக்குப் போக வேண்டாம். முதலாளியை விட்டுவிட்டு அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஆளைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, உங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை அவர்கள் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, வரி ஏறும். கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். பிப்ரவரி கடைசியில் உத்யம் சான்று நகலோடு பாக்கிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, ‘மார்ச் கணக்கு முடிக்கணுமே சார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், சிறு தொழில்களின் பாக்கிக்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். (வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இது பொருந்தாது. நான் அந்த ஜாதி.)

கடையை மூடிவிட்டு வந்தாலும் மனசு மூடமாட்டேன் என்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்து பாக்கிக் கணக்குப் போடுகிறேன். என்ன செய்யலாம்?
– வாசகர், காரைக்குடி

நானும் போட்டிருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கணக்கு நோட்டு இருக்கும். ஒருநாள் சாப்பிட்டு எழுந்தபோது வீட்டுக்காரி கேட்டாள், “சாம்பார்ல இன்னைக்கு உப்பே போடலை, தெரிஞ்சுதா?” தெரியவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை.

மறுநாளிலிருந்து நோட்டு கடையிலேயே தங்கியது. ஷட்டரை இறக்குமுன் பத்து நிமிஷம் உட்கார்ந்து, நாளைக்கு யாரிடம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கல்லாவுக்குள் போட்டுப் பூட்டுவேன். அப்புறம் நேராக வீட்டுக்குப் போகாமல் மகாமகக் குளத்தை இரண்டு சுற்று. முதல் சுற்றில் பாக்கிக்காரர்கள் கூடவே வருவார்கள். இரண்டாவது சுற்றில் கரையிலுள்ள பதினாறு மண்டபங்களையும் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

உங்கள் ஊரிலும் ஊருணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் நடையோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.