மூச்சு வாங்காத களைப்பு

அன்புள்ள ஐயா,

வளையம், ரிப்பன் போன்ற கருவிகளோடு இசைக்கு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிய கட்டுரையில், ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதிதான் என்று எழுதியிருந்தீர்கள். நான் பள்ளியில் பல ஆண்டுகள் ஓட்டப் பயிற்சி கொடுத்தவன். ஓட்டக்காரனுக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. பளு தூக்குபவனுக்குக் கிலோக் கணக்கு உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மனியின் டார்யா வார்ஃபொலொமேயெவின் ஆட்டத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம், முகத்தில் களைப்பே இல்லை. இதில் சுமை எது? அதை எதைக் கொண்டு அளப்பது? போதும் என்று எப்போது நிறுத்துவது?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தனிநபர் ஆட்டம் 75 முதல் 90 நொடிகள்தான். ஆனால் வளையம், பந்து, கிளப் என்னும் கைத்தண்டு, ரிப்பன் என்று நான்கு கருவிகளுக்கு நான்கு ஆட்டங்கள். அவற்றை முழுதாகவும் துண்டு துண்டாகவும் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதில் உச்ச நிலை வீராங்கனைக்கு ஒரு நாளில் பல மணி நேரம் போகிறது.

அந்த மணிக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சுமையைச் சொல்லிவிட முடியாது என்பதால், பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து, 'இன்று எவ்வளவு கடினமாக இருந்தது?' என்று கேட்டு, அவள் 0 முதல் 10 வரை தரும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கும் எளிய முறை ஒன்று உண்டு. 240 நிமிடப் பயிற்சிக்கு 4 என்றால் சுமை 960. அதே 240 நிமிடத்துக்கு 7 என்றால் 1680. மறுநாள் காலையில், எவ்வளவு தேறியிருக்கிறாள் என்பதை 6 முதல் 20 வரையுள்ள இன்னோர் அளவுகோலில் கேட்கிறார்கள். அதில் 13 என்பது ஓரளவு தேறிய நிலை. பிரேசிலின் வீராங்கனைகளை ஒலிம்பிக்குக்கு முந்தைய பருவத்தில் இவ்விரு எண்களையும் கொண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் அகப்படாத சுமையும் ஒன்று உண்டு. ஒற்றைக் கால் விரல்நுனியில் நின்று, மறு காலைப் பின்புறமாகத் தலைக்கு மேல் கொண்டுவரும் சமநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூச்சு வாங்காது. ஆனால் பின்வளைவின் அழுத்தம் இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பில், ஒரு சிறு எலும்புப் பாலத்தில் போய்க் குவிகிறது. தசை இரண்டு மூன்று நாளில் தேறிவிடும். அந்தப் பாலத்தில் விரிசல் விழுந்தால் ஓய்வு மாதக்கணக்கில் நீளும். அதோடு, நன்றாக வளையும் பக்கத்திலேயே எல்லாவற்றையும் செய்யும் வழக்கமும் சேர்கிறது. பல்கேரியாவில் 100 சிறுமிகளிடம் செய்து 2000-இல் வெளியான ஆய்வில் முதுகெலும்புப் பக்கவளைவு 12 சதவீதத்தினருக்கு இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மற்றச் சிறுமிகளிடம் அது 1.1 சதவீதம்தான். நெகிழ்ந்த மூட்டு, தள்ளிப்போகும் பூப்பு, ஒருபக்கச் சுமை ஆகிய மூன்றையும் அந்த ஆய்வாளர்கள் காரணங்களாகக் காட்டினார்கள்.

பூப்பு தள்ளிப்போவது உணவோடும் தொடர்புடையது. பயிற்சியில் எரிந்தது போக, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கிலோகலோரி மிஞ்சுவது நல்லது. 30-க்குக் கீழே இறங்கினால் மாதவிடாயும் எலும்பும் பாதிக்கப்படலாம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகக் கையாளப்படும் கணக்கு. அந்த எடை 40 கிலோ, பயிற்சியில் எரிவது 1,000 என்று வைத்துக்கொண்டால், அவள் 2,800 கிலோகலோரி சாப்பிட வேண்டும். பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு வாரம் இரண்டு நாள் விடுமுறை கொடுத்தாலும் உடல் தேறாது. 2022-இல் இத்தாலியின் முன்னாள் வீராங்கனைகளான நீனா கொர்ராதீனியும் ஆன்னா பாஸ்தாவும், எடையை முன்வைத்துத் தாங்கள் அவமானப்படுத்தப்பட்டதை வெளிப்படையாகச் சொன்னார்கள். தினமும் எடை பார்க்கும் கூடத்தில் 'களைப்பாக இருக்கிறது' என்று எந்தப் பதினைந்து வயதுப் பெண் சொல்வாள்? பயந்தவள் 7 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 4 என்பாள். பிறகு நாம் எவ்வளவு துல்லியமாகப் பெருக்கினாலும் பயனில்லை. என் பார்வையில் இந்த விளையாட்டின் முதல் சிக்கல் இதுதான்.

போதும் என்று எப்போது நிறுத்துவது என்று கேட்டீர்கள். பெரும்பாலும் எல்லாவற்றையும் நிறுத்தத் தேவையில்லை. காலையில் தேறிய அளவை அவள் 13-க்கும் கீழே, 11 என்றாலோ, இடுப்பின் ஒரே பக்கத்தில் இரண்டு நாளாக வலி என்றாலோ, அன்றைக்குப் பின்வளைவுகளையும் தாவல்களையும் எடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே ஆறு மீட்டர் ரிப்பனைச் சுருள் கலையாமல் சுழற்றச் சொல்லலாம்; அதற்கு மணிக்கட்டும் தோளும் போதும். வலி தொடர்ந்தால் மறுநாளே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அடுத்த போட்டி முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.