டேனரி அமிலமும் வேலூர் வெயிலும்

கேள்வி: எங்கள் டேனரியில் தோலுக்குச் சாயம் ஏற்றி முடிந்ததும், சாயம் நிற்பதற்காக டிரம்மில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவோம். மிச்சம் கழிவுநீரோடு போய்விடுகிறது. ஏதோ ஒரு பொடியைப் போட்டு வெயிலில் வைத்தால் அந்த அமிலம் எரிபொருளாக மாறும் என்கிறான் என் மகன். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? செய்து பார்க்கலாமா?
- வாசகர், மேல்விஷாரம்

பதில்: மகன் சொல்வது உண்மைதான். அவர் சொல்லும் பொடி பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடாக இருக்கும், வெள்ளை பெயிண்டில் சேர்க்கிற அதே பொருள். அதன்மேல் ஒளி பட்டதும் உள்ளே ஓர் எலெக்ட்ரான் எழும்பும், அது விட்டுப்போன காலியிடம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அமிலத்திடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கும், உடனே அமிலத்தின் ஒரு முனை கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடும். மிச்சம் கையில் என்ன நிற்கிறது என்பதில்தான் காசே இருக்கிறது.

ஃபார்மிக் அமிலத்தில் மிஞ்சுவது ஹைட்ரஜன். நல்ல எரிபொருள்தான், ஆனால் ஒரு கிலோ அமிலம் முழுசாக மாறினாலும் சுமார் 44 கிராம்தான் கிடைக்கும். உங்கள் கழிவுநீரில் அமிலம் நீர்த்துப்போய் இருக்கிறது, கூடவே சாயமும் உப்பும். சாயத் தண்ணீரில் ஒளி உள்ளே இறங்காது, உப்பு பொடியின்மேல் அமிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குச் செலவு பண்ணாதீர்கள். டிரம்மில் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) பார்த்துப் பார்த்து, வேண்டிய அளவு அமிலம் மட்டும் ஊற்றினால் அதுவே பெரிய மிச்சம்.

என்னைக் கேட்டால், தோலின் உட்பக்கத்திலிருந்து சீவி எடுத்துக் கொட்டுகிறீர்களே கொழுப்பும் சதையும், அதைத்தான் பார்க்கச் சொல்வேன். அந்தக் கொழுப்பைப் பிரித்தால் பால்மிட்டிக், ஸ்டியரிக் போன்ற, நீளமான கார்பன் சங்கிலி கொண்ட அமிலங்கள் கிடைக்கும். 2017இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் குளோரெல்லா என்ற பாசியில் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். நீல ஒளி பட்டால் போதும், 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலத்தை அது 15 கார்பன் உள்ள பென்டாடெக்கேன் ஆக்கிவிடும், டீசலில் இருக்கிற வகை எண்ணெய் அது. சிக்கல் என்னவென்றால் அதே ஒளியில் நொதி சீக்கிரம் கெட்டும் போகிறது. இன்றைக்கே டேனரியில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. ஆனால் தோல் தொழில் இவ்வளவு நடக்கிற ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் இதை எடுத்துப் படிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: அசிட்டிக் அமிலத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு போட்டு, கல்லூரி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோம். மீத்தேன் வர வேண்டும், கார்பன் டை ஆக்சைடுதான் வருகிறது. எங்கே தவறு?
- எம்.எஸ்சி. மாணவி, காட்பாடி

பதில்: குடுவைக்குள் காற்று இருக்கிறது, அதுதான். ஆக்சிஜன் இருந்தால் அமிலம் கடைசிவரை ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகிவிடும். முதலில் நைட்ரஜனை நன்றாகக் குமிழவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். 1978இல் அமெரிக்காவின் டெக்சாஸில் கிராய்ட்லர், பார்டு என்ற வேதியியலாளர்கள் இதே அமிலத்திலிருந்து மீத்தேன் எடுத்தபோது, பொடியின்மேல் பிளாட்டினம் படியவைத்திருந்தார்கள், எலெக்ட்ரான் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே! உங்கள் பொடி வெறும் பொடி. இன்னொன்று, அது புற ஊதா ஒளியைத்தான் ஏற்கும், சித்திரை வெயிலானாலும் அதில் புற ஊதா நூற்றுக்கு ஐந்து பங்குதான். அதனால் ஆய்வகத்தில் புற ஊதா விளக்கு வைத்துச் செய்வது நல்லது.

அப்புறம், குடுவையை இறுக மூடிவிடாதீர்கள். வாயு சேர்ந்தால் அழுத்தம் ஏறும், மீத்தேன் தீப்பிடிக்கும். ஒரு குழாய் வழியாக, தண்ணீரில் கவிழ்த்த அளவு ஜாடியில் பிடியுங்கள், பக்கத்தில் பர்னர் எதுவும் எரிய வேண்டாம்.