தூக்கம் வரலையா? சீன அக்குபங்சர் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம். குவாங்சோவுல சீன மருத்துவம் படிச்சேன், இப்போ சிங்கப்பூர்ல ஊசி போடுறேன். கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு: தூக்க மாத்திரை எடுக்கிறவங்க இதைப் படிச்சுட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுறாதீங்க. மாசக்கணக்கா எடுத்துட்டு திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகும்.

சுண்டல்பாண்டி: தூக்கம் வர எந்த பாயிண்ட்டை அழுத்தணும் சார்?

தூக்கத்துக்குன்னு ஒரு சுவிட்ச் பாயிண்ட் கிடையாதுங்க. எப்படி தூங்க முடியலைங்கிறதுதான் முதல் கேள்வி. நாங்க நாடி புடிப்போம், நாக்கை நீட்டச் சொல்வோம். நாக்கு வெளுத்துப்போய் ஓரத்துல பல் தடம் பதிஞ்சிருக்கு, சாப்பாடு செரிக்கல, படுத்தா யோசனை ஓடிட்டே இருக்குன்னா, மண்ணீரலும் இதயமும் பலவீனம், ரத்தம் பத்தல, ‘ஷென்’ அதாவது மனசு தங்க இடமில்லைன்னு கணக்கு (இங்க மண்ணீரல்னா ஸ்கேன்ல தெரியுற மண்ணீரல் இல்ல, செரிமானம் மொத்தத்துக்கும் அந்தப் பேரு). அதுவே கோவக்காரர், வாய் கசப்பு, கண் சிவப்பு, தலைவலின்னா கல்லீரல் நெருப்பு. ரெண்டு பேருக்கும் மணிக்கட்டுல ஷென்மென்ங்கிற பாயிண்ட்ல ஊசி போடுவோம், ஆனா முதல் ஆளுக்கு முழங்காலுக்குக் கீழ சூசான்லியும் கணுக்காலுக்கு மேல சான்யின்ஜியாவும் சேரும், ரெண்டாவது ஆளுக்கு பாதத்துல பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல இருக்கிற தாய்ச்சோங். மாத்திப் போட்டா ஒண்ணும் நடக்காது.

ஷென்மென் எங்கன்னு அடுத்து கேப்பீங்க: உள்ளங்கையை மேல பாக்குற மாதிரி வச்சு, மணிக்கட்டு மடிப்புல சுண்டுவிரல் பக்கம் தடவுங்க, ஒரு தசைநாண் கயிறு மாதிரி தட்டுப்படும், அதுக்குக் கட்டைவிரல் பக்கமா ஒரு சின்ன பள்ளம், அதான். ஊசி போட்டா குத்துற வலி முக்கியம் இல்ல, கனமா மரமரன்னு ஒரு உணர்வு வரணும், அதைத்தான் ‘தே ச்சி’ங்கிறோம். வீட்ல விரலால அழுத்துங்க, தப்பில்ல.

தூங்காநகரத்தான்: தினமும் 3 மணிக்கு முழிப்பு வருது. அது நுரையீரல் நேரமாமே, நுரையீரல்ல பிரச்சனையா?

இந்த கடிகாரப் படம் வாட்ஸ்அப்ல சுத்தாத குரூப் இல்ல. 11லருந்து 1 வரை பித்தப்பை, 1லருந்து 3 கல்லீரல், 3லருந்து 5 நுரையீரல்னு சக்தி ஓட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, உண்மைதான். ஆனா சீனா முழுக்க ஒரே பெய்ஜிங் நேரம், மேற்கே உரும்ச்சியில சூரியன் கிட்டத்தட்ட ரெண்டு மணிநேரம் பிந்திதான் வரும், அங்க இருக்கிறவன் நுரையீரல் எந்த கடிகாரத்தைப் பாக்கும் சொல்லுங்க? சாயங்கால காபியை நிறுத்துங்க, சுகர் டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் பேசலாம்.

மல்லிப்பூ: 5 மாசம் கர்ப்பம், சான்யின்ஜியாவ் அழுத்தலாமா?

வேண்டாம்மா. உங்க டாக்டரைக் கேளுங்க.

பென்குயின்: தூக்கத்துக்கு பெஸ்ட் பாயிண்ட் எது?

மேல படிங்க.

லாஜிக்லட்சுமணன்: எல்லாம் பிளாசிபோ, வெறும் நம்பிக்கையால வர்ற குணம்தான் சார். பொய் ஊசி குத்தினாலும் இதே ரிசல்ட்தானே?

நல்ல கேள்வி, இதுக்குத்தான் உக்காந்திருந்தேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்பு 2012ல 33 டிரயல், 2293 பேரை அலசுனாங்க. முடிவு, பல டிரயல்ல தரம் சரியில்ல, இதை வச்சு வேலை செய்யுதுன்னும் சொல்ல முடியாது, செய்யலைன்னும் சொல்ல முடியாதுன்னு. அதை நான் மறைக்கல. ஆனா பொய் ஊசின்னா என்ன? முனை மழுங்கின ஊசி, நாடகக் கத்தி மாதிரி கைப்பிடிக்குள்ள போயிடும், ஆனா தோலை அழுத்துதே? ஜப்பான்ல பல பேர் தோலைத் தாண்டாமலே வைத்தியம் பண்றாங்க, அவங்க கணக்குப்படி அதுவே சிகிச்சை. போதாததுக்கு ஊசி போடுறவனுக்கு எது நிஜம் எது பொய்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். மாத்திரையை சோதிக்கிற முறையை இதுல அப்படியே போட முடியாது.

லாஜிக்லட்சுமணன்: சோதிக்க முடியாதுன்னா நம்பவும் கூடாதுல்ல?

சோதிக்க முடியாதுன்னு சொல்லல, கஷ்டம்னு சொன்னேன். காசு குடுக்குறவர் சந்தேகப்படுறது சரிதான். 2016ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்ங்கிற மருத்துவர் அமைப்பு நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல பண்ணச் சொன்னது சிபிடி-ஐ, அதாவது தூக்கத்தைக் கெடுக்கிற யோசனையையும் பழக்கத்தையும் மாத்துற மனநலப் பயிற்சியை, மாத்திரையையும் இல்ல ஊசியையும் இல்ல. அதை நானே என் பேஷண்ட்ஸ்கிட்ட சொல்றேன்.

சித்தர்வழி: 5000 வருஷ வைத்தியத்தை வெள்ளைக்காரன் ஆய்வு வச்சு அளக்குறீங்களே!

5000 யாரு எண்ணுனது? சீனாவுல மாவாங்துயி கல்லறை கி.மு. 168ல மூடுனது, அதுக்குள்ள கிடைச்ச பட்டுச்சுருள்ல 11 நாளங்களை எழுதி, மூலிகை சுட்டு சூடு வைக்கச் சொல்லியிருக்கு, ஊசியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மான்செங் கல்லறையில தங்க, வெள்ளி ஊசி கிடைச்சது, அது கி.மு. 113ஐ ஒட்டி. ரெண்டாயிரம் வருஷம்னு சொல்லுங்க, அதுவே பெருசு. இன்னொண்ணு, 1822ல சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்துல ஊசி வைத்தியத்தைத் தடை பண்ணுனாரு. வெள்ளைக்காரன் சொல்லி இல்ல.

சித்தர்வழி: ராஜா தப்பு பண்ணலாம் சார்.

பண்ணலாம். அப்போ பழசுன்னாலே சரின்னு வாதாடாதீங்க.

கடலைமிட்டாய்: ஊசி ஆரம்பிச்சா மாத்திரையை எப்போ நிறுத்தலாம்? எங்க ஊர் அக்குபங்சர்காரர் இன்னைக்கே நிறுத்தணும்னாரு.

அவர்கிட்ட மறுபடி போகாதீங்க. மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர்தான் வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாரு. முதல் பத்தியில என்ன எழுதியிருக்கேன்?

ரோஜா2: எத்தனை சிட்டிங் ஆகும்?

வாரம் ரெண்டு மூணு தடவை, தடவைக்கு அரை மணி. ஒரு மாசத்துல மாற்றமே இல்லைன்னா நிறுத்திடுங்க, காசு மிச்சம். ஒருதடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற ஊசியை உங்க கண்முன்னால பிரிக்கச் சொல்லுங்க. தோள்ல, முதுகுல ஆழமா குத்த விடாதீங்க, நுரையீரல்ல ஓட்டை விழுந்த கேஸ் உண்டு.

சுண்டல்பாண்டி: ஷென்மென் அழுத்திட்டே இருக்கேன், தூக்கம் வரலையே?

போனை கீழ வைங்க முதல்ல.

காவேரிக்கரை: வீட்டுக்காரர் குறட்டை விட்டு நடுவுல மூச்சே நின்னு திடுக்குன்னு எழுந்துக்குறாரு, பகல்ல வண்டி ஓட்டும்போது கண் சொக்குது. எந்த பாயிண்ட்?

எதுவும் இல்லம்மா. அது ஸ்லீப் ஆப்னியா மாதிரி தெரியுது. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயோ நுரையீரல் டாக்டர்கிட்டயோ கூட்டிட்டுப் போய் தூக்கப் பரிசோதனை பண்ணுங்க, அதுவரைக்கும் வண்டிச் சாவியை நீங்க வச்சுக்கோங்க.