நடுக்கடலில் பெய்யும் மழையை நீருக்கடியில் ஒலி கேட்டு அளக்க முடியுமா?

முடியும். கப்பலிலோ மிதவையிலோ மழைமானி வைத்தால், அது ஆடும் ஆட்டத்திலும் தெறிக்கும் அலைநீரிலும் கணக்கு கெட்டுவிடும். அதனால் நீரொலிவாங்கியைக் கடலுக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

துளி மோதும் சத்தம் சொற்பம்தான். உரக்கக் கத்துவது குமிழி. சுமார் 1 மி.மீ. துளி விழும்போது சிறு காற்றுக்குமிழி நீருக்குள் சிக்கி, 15 கிலோஹெர்ட்ஸ் அருகே மணிபோல அதிரும். 2 மி.மீ.க்கு மேற்பட்ட துளிகள் பல அளவுக் குமிழிகளை உண்டாக்குவதால், 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழும் இரைச்சல் பரவும். வேடிக்கை என்னவென்றால், இடைப்பட்ட துளிகள் கிட்டத்தட்ட ஊமை! இந்த வேறுபாட்டை வைத்தே தூறலா கனமழையா என்று பிரிக்கிறார்கள். காற்று வலுத்தால் தூறலின் ஒலி மங்கிவிடும், அதுதான் தொல்லை.

2004இல் கிரேக்கத்தை ஒட்டிய அயோனியன் கடலில் 60 முதல் 2,000 மீட்டர் வரை நான்கு ஆழங்களில் கருவிகளைப் பொருத்திச் சோதித்தார்கள். ஆழம் கூடக்கூட, கருவி காதுகொடுக்கும் கடற்பரப்பும் விரியும்.