பச்சை பாட்டில் பீரில் வாடை வந்தது ஏன்?

சேலத்தில் வாங்கிய பச்சை பாட்டில் பீரை ஏற்காடு விடுதியின் சன்னலோரம் பகல் முழுவதும் வைத்திருந்து, மாலையில் குளிரவைத்துத் திறந்தபோது கெட்ட வாடை அடித்ததாகவும் நுரை பொங்கி வழிந்ததாகவும் எழுதி, அது போலிச் சரக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், வாடை வெயில் செய்த வேலையாகவே எனக்குப் படுகிறது.

பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவின் சேர்மங்கள் வெளிச்சம் பட்டதும் சிதைந்து, பீரிலுள்ள கந்தகத்துடன் சேர்ந்து ஒரு புதிய பொருளை உண்டாக்குகின்றன. அது எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது, பச்சையும் நிறமற்றதும் அவ்வளவாகத் தடுப்பதில்லை, டின்னுக்குள் வெளிச்சம் புகவே வழியில்லை. மலைக்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் பாட்டிலுக்கும் பாதுகாப்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம் (நானும் அப்படித்தான் ஒருமுறை ஏமாந்தேன்), ஆனால் இந்த வாடைக்குக் காரணம் சூடு அல்ல, ஒளி. ஏறிய வாடை குளிரூட்டினாலும் போகாது. குடித்தால் உடம்புக்குத் தீங்கில்லை, ருசிதான் இருக்காது.

நுரை வேறு கதை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த பாட்டிலைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்து, நன்கு குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். அடுத்த முறை டின்னாக வாங்கி, துணிப்பைக்குள் வைத்துக் கொண்டு செல்லுங்கள்.