சிலருக்கு 8, சிலருக்கு 5!

கேள்வி: எங்கள் கம்பெனியில் எஸ்ஏபி (கம்பெனி வேலைகளை நடத்தும் மென்பொருள்) ஓடுகிறது, அதன் புரோகிராம்களை ஓட்டும் அப்ளிகேஷன் சர்வர் மூன்று. தள்ளுபடி சதவீதத்துக்கென்று நாங்களே உருவாக்கிய இசட் டேபிளில் 5 என்றிருந்ததை நேற்று 8 ஆக்கினோம். டேட்டாபேஸில் பார்த்தால் 8தான் இருக்கிறது, ஆனால் பில் போடும்போது சிலருக்கு 8, சிலருக்கு 5 வருகிறது. மறுபடி லாகின் செய்தால் சில சமயம் சரியாகிறது, சில சமயம் சரியாக வந்துகொண்டிருந்தவருக்கும் கெட்டுப்போகிறது. ரீஸ்டார்ட்தான் வழியா?
– வாசகர், கோவை

பதில்: ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும், அடுத்த மாதம் திரும்ப வரும். மறுபடி லாகின் செய்தால் மாறுகிறது என்றீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. லாகின் செய்யும்போது நீங்கள் எந்த சர்வரில் போய் உட்காருகிறீர்கள் என்பது மாறலாம், ஒவ்வொரு சர்வரும் அந்த டேபிளின் நகலைத் தன் நினைவகத்தில், அதாவது டேபிள் பஃபரில், தனித்தனியாக வைத்திருக்கிறது.

டேபிளை எப்படி மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எஸ்ஏபி-க்குள்ளிருந்து மாற்றியிருந்தால் அந்தச் செய்தி டிடிலாக் என்ற டேபிளில் பதிவாகும், மற்ற சர்வர்கள் வழக்கமாக 60 விநாடிக்கு ஒருமுறை அதைப் படித்துத் தங்கள் நகலைச் செல்லாததாக்கிவிடும். ஒரு நாள் ஆகியும் 5 வருகிறதென்றால், யாரோ டேட்டாபேஸில் நேராக அப்டேட் ஓட்டியிருக்கிறார் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன் (புரோகிராமுக்குள் நேட்டிவ் எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸின் சொந்த மொழியில் நேரடிக் கட்டளை, எழுதினாலும் இதே கதைதான்). கொல்லைப்புறமாக வந்த மாற்றம் பஃபருக்குத் தெரியாது. அப்படியானால் சிலருக்கு மட்டும் 8 எப்படி வருகிறது? அவர்களுடைய சர்வரில் அந்த நகல் அதுவரை ஏறியிருக்காது, அல்லது இடமில்லாமல் வெளியே தள்ளப்பட்டு மறுபடி ஏறியிருக்கும்.

இப்போதைக்கு எஸ்எம்51 (சர்வர்களின் பட்டியல் காட்டும் திரை) வழியாக ஒவ்வொரு சர்வருக்கும் போய் கட்டளைப் பெட்டியில் /$டேப் (/$TAB) கொடுங்கள், அது அந்த சர்வரின் டேபிள் பஃபரை மட்டும் காலி செய்யும். /$சிங்க் (/$SYNC) வேண்டாம், அது மற்ற பஃபர்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். எதுவானாலும் பில் கூட்டம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள், நகல் மறுபடி ஏறும்வரை எல்லாரும் டேட்டாபேஸைத்தான் தட்டுவார்கள்.

அப்புறம், பராமரிப்புத் திரை ஒன்றை உருவாக்கி இனி எஸ்எம்30 (டேபிள் வரிகளைத் திருத்தும் எஸ்ஏபி திரை) வழியாக மட்டும் மாற்றுங்கள். டேபிளைப் படிக்கும் எல்லா செலக்ட் கட்டளையிலும் பைபாஸிங் பஃபர் (பஃபரை விட்டுவிட்டு நேராக டேட்டாபேஸில் படி என்பது) போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், நாலைந்து வரி டேபிளுக்கு அது வீண் வேலை. எஸ்எம்30-இல் மாற்றியும் பழைய மதிப்பே வந்தால், ஆர்இசட்11-இல் (சர்வர் அமைப்புகளைக் காட்டும் திரை) பஃபர் ஒத்திசைவு அளவுருவைப் பாருங்கள், சென்ட்ஆஃப் என்றிருந்தால் சர்வர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவே மாட்டா.

ஏற்கெனவே 5 சதவீதத்தில் சேமித்த பில்கள் தானாகத் திருந்தாது. நேற்றிலிருந்து போட்டவற்றை எடுத்துக் கணக்குப் பிரிவிடம் இன்றே கொடுத்துவிடுங்கள்.