பல வருடம் கழித்து போக்கர் ஆட வந்திருக்கிறேன். பழைய புத்தகங்களைப் படித்து உத்தி கற்கலாமா?

தாராளமாகக் கற்கலாம். நானும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஹோல்டமுக்கு (கையில் இரண்டு, மேஜையில் ஐந்து பொதுச் சீட்டு வைத்து ஆடும் போக்கர்) திரும்பியவன்தான். மறுபடி காலூன்ற எனக்கு உதவியவை புத்தகங்களே. ஆனால் எது இன்றும் செல்லும், எது செல்லாது என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ 1987-இல் வந்தது. யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன். எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் எப்படி ஆடுவோமோ, அதிலிருந்து விலகி ஆடும்போதெல்லாம் லாபம் அவருக்கு. அவர் விலகினால் நமக்கு. இந்த அடிப்படை பழசாகவே ஆகாது. டோர்னமென்ட் ஆடுவதென்றால் டான் ஹாரிங்டனின் புத்தகங்கள் (முதல் தொகுதி 2004). கையில் இருக்கும் சிப்பை ஒரு சுற்றுக்கான பிளைண்ட், ஆன்ட்டி (ஆட்டத்துக்கு முன்பே போட வேண்டிய கட்டாயப் பணயங்கள்) மொத்தத்தால் வகுத்து, இன்னும் எத்தனை சுற்று தாக்குப்பிடிக்கலாம் என்று பார்க்கும் அவருடைய ‘எம்’ கணக்கு அருமையானது. ஆனால் எந்தக் கைகளோடு (கையில் வந்த இரண்டு சீட்டு) ஆட்டத்தில் இறங்கலாம் என்ற அவருடைய அளவுகள் இன்றைக்கு ரொம்பவே இறுக்கம். அந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்துவிடலாம்.

அப்புறம், பேனா இல்லாமல் படிக்காதீர்கள். எதிராளியிடம் இந்த ஒரு கைதான் இருக்கும் என்று யூகிப்பதை விட்டுவிட்டு, இருக்கக்கூடிய எல்லாக் கைகளையும் எண்ணப் பழகியதுதான் என் ஆட்டத்தையே மாற்றியது.

ஒரு கையைப் பாருங்கள். உங்களிடம் ஸ்பேடு கிங், ஸ்பேடு குவீன். ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஹார்ட் கிங், ஹார்ட் 8, கிளாவர் 3. டர்ன் (நாலாவது சீட்டு) ஸ்பேடு 5, ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) டைமண்ட் 2. முதல் இடத்திலிருந்து ரெய்ஸ் செய்த (பணயத்தை உயர்த்திய), இறுக்கமாக ஆடும் ஒருவர், ரிவரில் 100 சிப் பாட்டுக்கு (நடுவில் சேர்ந்த மொத்தப் பணயம்) 50 பெட் செய்கிறார். நீங்கள் 50 போட்டால் பாட் 200. நாலில் ஒரு முறை ஜெயித்தாலே போட்டது திரும்பிவிடும்.

உங்களை ஜெயிக்கும் கைகளை எண்ணுங்கள். ஜோடி ஏஸ் 6 விதம். ஏஸ்-கிங்குக்கு மிச்சம் இரண்டே கிங், நாலு ஏஸ், ஆக 8. ஜோடி கிங் 1, ஜோடி எட்டு 3. மொத்தம் 18. ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வராமல் போய் ப்ளஃப் செய்யும் (பலமில்லாமலே பெட் செய்யும்) கைகள்? ஹார்ட்டில் ஏஸ், குவீன், ஜாக், 10 ஆகிய நாலில் ஏதாவது இரண்டு: 6 விதம். மற்ற கைகளை அவர் செக் செய்வார் (பெட் செய்யாமல் விடுவார்) என்று வைத்துக்கொண்டால் 24-க்கு 6, சரியாக நாலில் ஒன்று. கால் செய்தாலும் (அவர் போட்டதற்கு ஈடாகப் போட்டாலும்) ஃபோல்ட் செய்தாலும் (சீட்டைக் கீழே வைத்து விலகினாலும்) ஒன்றுதான்.

இப்போது ஸ்பேடு குவீனுக்குப் பதில் உங்களிடம் ஹார்ட் குவீன் இருப்பதாக வையுங்கள். அவருடைய ப்ளஃப்களில் மூன்று காணாமல் போய்விடுகின்றன. 21-க்கு 3 என்றால் ஏழில் ஒன்றுதான். ஃபோல்ட். உங்கள் கையின் பலம் துளிகூட மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது! இதைத் தாளில் எழுதிப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் போகவில்லை.

மைக்கேல் அசெவெடோவின் ‘மாடர்ன் போக்கர் தியரி’ (2019) போன்ற சால்வர் (சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) காலத்துப் புத்தகங்களை இந்த எண்ணிக்கை கைவந்த பிறகு எடுங்கள். அவற்றில் உள்ள விடைகள் எதிராளியும் பிசகாமல் ஆடுவார் என்ற கணக்கில் போடப்பட்டவை. சின்னத் தொகைக்கு ஆடும் மேஜைகளில் ரிவரில் ப்ளஃப் செய்யவே தயங்குகிறவர்கள்தான் அதிகம். மேலே பார்த்த 6 அவர்களிடம் 2 ஆகக்கூட இருக்கும். அங்கே நான் ஃபோல்ட் செய்துவிடுவேன்.